ஆசிட் பாட்டிலுக்கு மாற்று உண்டா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டைத் துடைக்கவும் பூச்சிகளை விரட்டவும் கடையில் வாங்கும் மருந்துகளுக்குப் பதிலாக வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியவை குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளியலறையையும் கரப்பான் பூச்சியையும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தும் நீண்டவற்றைச் சுருக்கியும் இங்கே தருகிறோம். பதில் எழுதுபவர், மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை.

எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். குளியலறை ஓடுகளிலும் வாளிகளிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. தெருவில் விற்றுவரும் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பது வழக்கம். சென்ற மாதம் கறை போகவில்லையே என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவினேன். மூச்சடைத்து, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தேன். இனி ஆசிட்டே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மாற்று என்ன?
– வாசகி, திருப்பூர்

நீங்கள் உடனே வெளியே வந்தது நல்லதாயிற்று. ஆசிட் என்று விற்கப்படுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தவுடன் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு அருகே எதிரிப் படைகளின்மீது திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் இது உருவானால் நுரையீரல் தாங்காது. இந்த ஆபத்து கடை ஆசிட்டுக்கு மட்டும் உரியதன்று. எலுமிச்சைச் சாறு, வினிகர், புளிக்கரைசல் என்று எந்தப் புளிப்பும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வெளியாகும். ஆகவே மாற்றுக்குப் போகுமுன், குளியலறையில் மிச்சமிருக்கும் பிளீச்சிங் பவுடரை நன்றாகக் கழுவி வெளியேற்றிவிடுங்கள்.

வெள்ளைக் கறை என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது கிட்டத்தட்டச் சுண்ணாம்புக்கல். புளிப்பான எதுவும் அதைக் கரைக்கும்; வலுவான அமிலம் நொடியில் செய்வதை மென்மையான அமிலம் அரை மணி நேரத்தில் செய்யும், அவ்வளவே வேறுபாடு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பழந்துணியை அதில் நனைத்துக் கறையின்மேல் ஒட்டவைத்து, இருபது நிமிடம் கழித்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். சுவரில் தெளித்தால் வழிந்து ஓடிவிடும் என்பதால்தான் துணி. பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கையுறை அணிவது நல்லது. விரலில் சிறு வெட்டிருந்தாலும் எரியும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பளிங்கு, கடப்பைக் கல், மொசைக், ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றில் எந்தப் புளிப்பையும் வைக்காதீர்கள். கறை எதனால் ஆனதோ அதே சுண்ணாம்புப் பொருள்தான் பளிங்கிலும் கடப்பைக் கல்லிலும் இருக்கிறது; மற்ற இரண்டிலும் சிமென்ட் இருக்கிறது. கறையையும் தரையையும் அமிலம் வேறுபடுத்திப் பார்க்காது. முப்பது ஆண்டுகள் இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்த நானே, ஊறுகாய் போட்ட ஒரு நாள் பிழிந்த எலுமிச்சை மூடியைச் சமையல் மேடையில் கவிழ்த்துவைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். கருங்கடப்பையில் வெளுத்துப்போன அந்த வட்டம் இன்றும் இருக்கிறது.

கறையே வராதிருக்க வழி கேட்டால், குளித்து முடித்ததும் சுவரையும் குழாயையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். நீர் காயும் இடத்தில்தான் உப்பு தங்குகிறது.

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் எந்த அழுக்கும் போய்விடும் என்று கைப்பேசியில் வரும் எல்லாக் காணொளிகளிலும் காட்டுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் போகவில்லை?
– வாசகர், காரைக்குடி

யாருக்குமே போகாது. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கரியமில வாயு நுரைத்துப் போனபின், சோடியம் அசிடேட் என்ற சாதுவான உப்பு கலந்த நீர் மிஞ்சும். பொங்குவதைப் பார்க்கும்போது பெரிய வேலை நடப்பதுபோல் தோன்றுவதால் காணொளிக்கு அது நன்றாக உதவுகிறது. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவைத் தனியாகவும், உப்புக் கறைக்கு வினிகரைத் தனியாகவும் பயன்படுத்துங்கள். அடுப்புச் சுற்றுச் சுவரில் கெட்டியாகிப் போன பிசுக்குக்குச் சலவைச் சோடா இன்னும் வலுவானது. ஆனால் அலுமினியப் பாத்திரத்தில் அது பட்டால் கறுத்துவிடும்.

பினாயில் நெடி என் மாமியாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சிரைப்பு வருகிறது. ஆனால் பினாயில் போடாவிட்டால் வீடு சுத்தமானதுபோலவே இல்லை என்றும் அவர்தான் சொல்கிறார்.
– வாசகி, திருச்சிராப்பள்ளி

உங்கள் மாமியாரின் தலைமுறைக்கு மட்டுமன்றி நம் எல்லோருக்குமே சுத்தம் என்பது ஒரு வாசனையாகிவிட்டது. மருத்துவமனை, ரயில் நிலையம், பள்ளிக்கூடம் என்று எங்கும் அந்த நெடியோடு வளர்ந்தவர்கள் நாம். பழைய கறுப்புப் பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. இப்போதைய வெள்ளைப் பினாயில் பெரும்பாலும் பைன் எண்ணெயைப் பால்போலக் கலக்கச் செய்தது. தரையில் உள்ள மண்ணையும் எண்ணெயையும் எடுப்பது உண்மையில் துடைப்பும் நீரும்தான்.

அன்றாடத் துடைப்புக்குப் பூந்திக்கொட்டை போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். தோலில் உள்ள சப்போனின் நுரை தந்து பிசுக்கைப் பிரித்தெடுக்கும். பட்டுப் புடவையும் தங்க நகையும் இதில்தானே வழக்கமாகத் துவைக்கப்பட்டன! ஒரு வாளிக்கு ஒரு கோப்பை கலந்தால் போதும். இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும் என்பதால் மொத்தமாகச் செய்துவைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மிச்சத்தை மீன் வளர்க்கும் தொட்டியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். சப்போனின் மீன்களைக் கொல்லும்.

வீட்டில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மட்டும் பூந்திக்கொட்டையையும் வினிகரையும் ஒதுக்கிவையுங்கள். அழுக்கை எடுப்பது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. அந்த நாட்களில் முதலில் சோப்பு நீரால் துடைத்து அலசிய பிறகு, ஐந்து விழுக்காடு வலுவுள்ள திரவப் பிளீச்சில் இருபது மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து, சன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு கழிப்பறையையும் தரையையும் துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மாமியாரை அந்த நேரத்தில் திண்ணைக்கு அனுப்பிவிடலாம்.

பழத்தோலில் செய்யும் பயோ என்சைம் பற்றி என் தோழி விடாமல் பேசுகிறாள். செய்து பார்க்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

தாராளமாகச் செய்யலாம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு நீர் என்பது பரவலான கணக்கு: நூறு கிராம் வெல்லம், முந்நூறு கிராம் ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், ஒரு லிட்டர் நீர். மூன்று மாதம் நொதிக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும். நெகிழிக் கொள்கலனில் கால்பங்கு இடம் விட்டு நிரப்பி, முதல் மாதம் முழுவதும் நாள்தோறும் மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். வடிகட்டியதில் மூன்று மேசைக்கரண்டி ஒரு வாளிக்குப் போதும்.

பெயரைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். பெரும்பாலும் அது வீட்டில் செய்த வினிகரின் உறவுதான். ஆகையால் கடப்பைக் கல் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். சமையலறைக் கழிவு குறைகிறது, செலவு இல்லை, மணம் நன்றாக இருக்கிறது என்ற மூன்று காரணங்களுக்காகவே நானும் செய்கிறேன். நோய்க்கிருமிகளை எல்லாம் அழிக்கும், நதியைச் சுத்திகரிக்கும் என்றெல்லாம் தோழி சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

எங்கள் பக்கம் வாசல் தெளிக்கச் சாணிப் பவுடர் வாங்குவோம். அது தடை செய்யப்பட்டது என்கிறார்கள். சாணி என்றுதானே பெயர், அதில் என்ன விஷம்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பெயரில் மட்டும்தான் சாணி இருக்கிறது. கொங்கு வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மாடுகள் குறைந்து சாணம் கிடைக்காமல் போனபோது, வாசலுக்கு அதே நிறம் கொடுப்பதற்காகப் பொட்டலங்களில் வந்தது இந்தச் சாயம். மஞ்சள் பொடியில் இருப்பது ஆரமின். பச்சைப் பொடியில் இருப்பது மாலகைட் கிரீன். இரண்டும் துணி, தோல் ஆலைகளுக்கான சாயங்கள். உடலுக்குள் போனால் நரம்பையும் ஈரலையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியவை. இவற்றால் நிகழ்ந்த இறப்புகளுக்குப் பிறகே தமிழ்நாட்டு அரசு விற்பனையைத் தடை செய்தது. ஈரக் கையோடு பொட்டலத்தைப் பிரித்து, காற்றில் பறக்கும் பொடியை மூச்சில் இழுத்து, அதே கையால் காலைக் காப்பியைக் கலக்கும் வழக்கத்தை நினைத்தாலே எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாற்று என்று கேட்டால், சாணம் தெளித்ததன் பயன் எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மண் வாசலில் புழுதி கிளம்பாமல் சாணத்தின் நார் மண்ணைப் பிடித்துவைக்கும். மண் வாசல் இன்னும் இருப்பவர்கள், மாடு வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் வாரம் ஒரு முறை ஒரு கூடை வாங்கிக் கரைத்துத் தெளிக்கலாம்; காலிலோ கையிலோ புண் இருந்தால் தொடாதீர்கள், ஏனெனில் சாணத்தில் டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னிக் கிருமி இருக்கக்கூடும். சிமென்ட் வாசலில் பிடித்துவைக்க மண்ணே இல்லை. அங்கே தண்ணீர் தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டால் போதும். பச்சை நிறத்துக்காக ஆலைச் சாயம் எதற்கு?

அரிசி மாவுக் கோலம் போட்டால் எறும்பு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கெமாக்சின் பவுடர் தூவுகிறோம். குழந்தை தவழத் தொடங்கியிருக்கிறது.
– வாசகர், விருதுநகர்

எறும்புக்கு உணவிடத்தானே அரிசி மாவில் கோலம் போட்டார்கள். வாசலோடு நிறுத்திக்கொள்ள எறும்புக்குத்தான் தெரியவில்லை.

உண்மையான கெமாக்சின், பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற பூச்சிக்கொல்லி. அதற்கு இந்தியாவில் 1997-இலேயே தடை வந்துவிட்டது. இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் வேறு ஏதோ ஒரு பூச்சிப் பொடியைக் கொடுப்பார். எதுவாயினும் தவழும் குழந்தையின் தரையில் அது இருக்கக் கூடாது. கோடு போடும் எறும்புச் சாக்பீசும் அப்படியே. அதில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பார்ப்பதற்கோ கரும்பலகைச் சாக்பீஸ்போல இருக்கிறது. குழந்தை எடுத்து வாயில் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் உண்டா?

எறும்பு வரிசை என்பது ஒரு வாசனைக் கோடு. முன்னே போனது விட்டுச் சென்ற மணத்தைப் பின்னே வருவது பிடித்துக்கொள்கிறது. சோப்பு நீரில் நனைத்த துணியால் வரிசையைத் துடைத்தால் எறும்பும் சாகும், கோடும் அழியும். பிறகு அவை நுழையும் இடுக்கைக் கண்டுபிடித்து வெள்ளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். மஞ்சள் தூளும் உப்பும் அரை நாளுக்குத் தடையாக இருக்கும். அதற்குள் அவை வேறு வழி கண்டுகொள்ளும்.

கரப்பான் பூச்சிக்குப் பிரிஞ்சி இலை, கிராம்பு, வெள்ளரித் தோல், வெங்காயச் சாறு என்று எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். கரப்பான் பிரிஞ்சி இலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது.
– வாசகி, சென்னை

உங்கள் கடைசி வாக்கியமே ஒரு முழு ஆய்வு. மணத்தால் கரப்பானை விரட்டுவது நடக்காத காரியம். அதிகம் போனால் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகரும்.

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். பெரிதாகச் செம்பழுப்பு நிறத்தில், இரவில் சாக்கடைக் குழாய் வழியாக வருவது ஒரு வகை. அதற்கு மருந்தே வேண்டியதில்லை. வடிகால் துளைகளுக்குச் சல்லடை மூடி போட்டு, இரவில் அதன்மேல் ஒரு கல்லை வைத்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். சிறியதாக, கழுத்தில் இரண்டு கருங்கோடுகளோடு, மிக்ஸிக்கு அடியிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறமும் வாழ்வது இன்னொரு வகை. இதுதான் கடினம். பெண் பூச்சி சுமந்து திரியும் ஒரு முட்டைக் கூட்டில் முப்பது நாற்பது முட்டைகள் இருக்கும்; பத்தைக் கொன்றுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சிறிய வகைக்கு நான் நம்புவது போரிக் அமிலம். கேரம் பலகையில் காய் வழுக்கிச் செல்லத் தூவும் பொடி பல வீடுகளில் இதுதான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, ஒரு பங்கு போரிக் அமிலம், ஒரு பங்கு கோதுமை மாவு, அரைப்பங்கு சர்க்கரை ஆகியவற்றைச் சிறிது வெங்காயச் சாற்றில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக்கிக் காயவைத்து, அலமாரி இடுக்குகளில் வையுங்கள். தின்ற பூச்சி உடனே சாகாது. சில நாள் ஆகும். மூன்று வாரம் பொறுங்கள். எறும்புக்கும் இதே அமிலம் உதவும். ஆனால் சர்க்கரைப் பாகில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் கலக்கக் கூடாது, ஏனெனில் வேலைக்கார எறும்பு வழியில் செத்துவிட்டால் இரை புற்றுக்குப் போய்ச் சேராது.

இதையும் இயற்கை மருந்து என்று வாசகர்கள் சொல்லக் கேட்கிறேன். மண்ணிலிருந்து கிடைக்கும் கனிமம் என்ற வகையில் உண்மைதான். விழுங்கினால் குழந்தைக்கும் நாய்க்கும் நஞ்சு என்பதும் அதே அளவு உண்மை. சர்க்கரை சேர்த்த உருண்டை சீடைபோல இருக்கும் என்பதை மறவாமல், குழந்தையின் கை எட்டாத இடுக்குக்கு உள்ளே தள்ளிவையுங்கள். இல்லையென்றால் வைக்கவே வேண்டாம். இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவைத்துவிட்டு எந்த உருண்டையை வைத்தாலும் பயனில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சாம்பார்ப் பருக்கை இருக்கும்போது மருந்து மாவை யார் தின்பார்?

பிறந்து நாற்பது நாளான பேரன் வீட்டில் இருக்கிறான். கொசுவத்தியும் வேண்டாம், மின்சாரத்தில் செருகும் திரவமும் வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். கற்பூரத்தைத் தண்ணீரில் போட்டு வைக்கலாமா? வேப்பெண்ணெய் தடவலாமா? நொச்சிச் செடி வாங்கி வைத்தால் கொசு வராதாமே?
– வாசகர், தஞ்சாவூர்

மகள் சொல்வது சரி. மூடிய அறையில் ஒரு கொசுவத்தி எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் இந்தக் கொசுவத்தியின் பிறப்பைக் கேட்டால் வியப்பீர்கள். சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரெத்ரம் பூவின் பொடியைக் கொண்டு 1890-இல் ஜப்பானின் எயிச்சிரோ உயேயாமா அதை முதலில் ஊதுவத்திக் குச்சியாகச் செய்தார். சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறதே என்று சுருள் வடிவை யோசித்துச் சொன்னவர் அவர் மனைவி. பூவிலிருந்து வந்த இயற்கைப் பொருள்தான். புகைக்கு அது தெரியாது. ஆகவே வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை, சாம்பிராணி எதுவும் நாற்பது நாள் குழந்தையின் அறையில் வேண்டாம்.

கற்பூரம் இன்னும் ஆபத்தானது. சிறிய துண்டு வாய்க்குள் போனாலும் சில நிமிடங்களில் குழந்தைக்கு வலிப்பு வரலாம். யூக்கலிப்டஸ் தைலமும் அப்படியே. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குப் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தடவிய கையையே சப்பும் குழந்தைக்குத் தடவுவதும் புகட்டுவதும் வெகு தொலைவில் இல்லை. பெரியவர்கள் வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து காலில் தடவிக்கொள்ளலாம். ஓரிரு மணி நேரத்துக்குப் பயன் தரும்.

நொச்சி நல்ல மூலிகை. சென்னை மாநகராட்சிகூடக் கொசுவுக்காக அந்தச் செடிகளை மக்களுக்கு வழங்கியது. ஆனால் கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. இலையைக் கசக்காமல் செடி சும்மா நிற்கும்போது காற்றில் அது போதுமான அளவு வெளிவருவதில்லை. முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்கப் பயன்படும், நட்டுவையுங்கள்.

பேரனுக்கு வேண்டியது நல்ல கொசுவலை. பகலிலும் வலைக்குள் தூங்கட்டும், ஏனெனில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சன்னலுக்கு வலைத்தட்டி, மாலை ஐந்து மணிக்குமுன் கதவடைப்பு, வேகமாகச் சுற்றும் மின்விசிறி ஆகிய மூன்றும் கூடுதல் காவல். பிறகு வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்னாலுள்ள நீர்த்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் கொட்டாங்கச்சி, மூடி சரியாக இல்லாத தொட்டி ஆகியவற்றைக் கவிழ்த்துச் சுரண்டித் தேயுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் கவிழ்த்துவிட்டால் அந்தத் தலைமுறை முடிந்தது. சுரண்டச் சொன்னது காரணத்தோடுதான்: பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை, நீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரியும்.

அரிசியில் வண்டு வராமலிருக்க வசம்பு போடுவார் என் ஆச்சி. இப்போது போடலாமா? வேப்பிலையும் மிளகாய் வற்றலும் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா?
– வாசகர், திருநெல்வேலி

வேலை செய்யும், ஆனால் முன்பே வண்டு முட்டையிட்ட அரிசியை இவற்றில் எதுவும் மீட்காது. முட்டை அரிசிமணிக்கு உள்ளேயே இருக்கிறது. வாங்கி வந்ததும் சல்லடையில் சலித்து, தட்டையாகப் பரப்பி உலர்த்தி, ஈரமே இல்லாத மூடியுள்ள டப்பாவில் வைத்து, அதன்பிறகு நிழலில் உலர்த்திய வேப்பிலையையோ மிளகாய் வற்றலையோ போடுங்கள். பச்சை வேப்பிலையைப் போட்டால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். துவரம்பருப்புக்குச் சில சொட்டு விளக்கெண்ணெய் புரட்டி வைக்கும் பழைய வழக்கம் மிக நல்லது. பருப்பின்மேல் முட்டை ஒட்டாது, கழுவும்போது எண்ணெய் போய்விடும்.

பிள்ளை வளர்ப்பான் என்று ஆச்சிமார் அழைத்த வசம்பை நான் உணவுப் பண்டத்தில் போடுவதில்லை. அதிலுள்ள அசரோன் என்ற பொருள் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968 முதல் உணவில் சேர்க்கத் தடை உள்ளது. துணி அலமாரியில் அது இருக்கட்டும்.

அப்படியானால் பட்டுப் புடவைக்கு அந்துருண்டைக்குப் பதிலாக வசம்பு வைக்கலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

வைக்கலாம். சிறு துணியில் முடிந்து, ஜரிகையில் படாமல் மூலையில் வையுங்கள். அந்துருண்டையிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அதை விழுங்க வேண்டியதுகூட இல்லை, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியில் சுற்றினாலே நேரிடலாம். தொட்டில் கட்டப் பழைய புடவையைப் பெட்டியிலிருந்து எடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பூச்சி தேடி வருவது வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான். உடுத்திய புடவையை நிழலில் காற்றாட விட்டு, கறையை நீக்கி, பருத்தித் துணியில் பொதிந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றினால் வசம்பும் பெரும்பாலும் வேண்டியிராது.

எலிக்கு வீட்டு மருந்து?
– வாசகர், சேலம்

பொறியும் மசால் வடையும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை ஈரலை அழிக்கும். மாற்று மருந்தும் கிடையாது. தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. பாஸ்பைடு வகை மருந்துகள் ஈரம் பட்டால் நச்சு வாயுவாகும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள். புதினாவும் மிளகுத் தூளும் எலியை விரட்டா. எழுதும் பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும் என்பதால், அத்தகைய துளைகளை எல்லாம் இரும்பு நார் திணித்துச் சிமென்ட் பூசுங்கள். எலிப்புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், நனைத்துத் துடையுங்கள்.

வீட்டில் செய்த திரவங்களைக் குளிர்பானப் பாட்டில்களில் ஊற்றி வைத்திருக்கிறேன். தவறா?
– வாசகி, நாகர்கோவில்

தவறுதான். பூந்திக்கொட்டைக் கரைசலும் பழத்தோல் திரவமும் பார்ப்பதற்குக் குடிக்கும் பானம்போலவே இருக்கும். வேறு வடிவக் கொள்கலனில், பெயர் எழுதி ஒட்டி, உயரத்தில் வையுங்கள். குழந்தை எதையாவது குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் ஏறி வரும்போது இரண்டாம் முறை சுடும், மண்ணெண்ணெயோ நுரையீரலுக்குள் போய்விடும். குடித்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 108. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லாத எண் 1800 116 117.

முட்டை ஓட்டைத் தொங்கவிட்டால் பல்லி வராதாமே?
– வாசகர், கும்பகோணம்

என் வீட்டில் தொங்கவிட்டேன். பல்லி அதன் பின்னால் குடியேறிவிட்டது. கொசுவையும் கரப்பான் குஞ்சையும் கூலி கேட்காமல் தின்பது அது ஒன்றுதான். பாலையும் குழம்பையும் மூடிவைத்துவிட்டு அதைச் சுவரோடு விட்டுவிடுங்கள்.